இவர் யார் என்று கேட்டால்

புதுச்சேரியில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

இங்கிருந்து கடலூர் ஏறக்குறைய இருபத்திரண்டு கிலோமீட்டர். பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். பாரதிக்கு அந்தத் தூரத்தைக் கடக்கப் பத்து ஆண்டுகள் ஆயின. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த இந்த ஊருக்கு 1908-இல் வந்தவர், 1918 நவம்பர் 20 அன்று எல்லையைத் தாண்டி ஆங்கிலேயர் ஆண்ட பகுதிக்குள் போனார். உடனே கைது செய்யப்பட்டு, டிசம்பர் 14 வரை கடலூர்ச் சிறையில் இருந்தார். கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றவரை கவிஞர், அந்தப் பக்கம் கால் வைத்ததும் கைதி. மண் ஒன்றுதான், மழையும் ஒன்றுதான்.

அரசு இழத்தல், நாடு நீங்கல் என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் பேசுகிறவர்கள் வழக்கமாக இரண்டு பேரைப் பற்றிப் பேசுவார்கள்: துரத்தியவன், துரத்தப்பட்டவன். நான் மூன்றாமவரைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறேன். துரத்தப்பட்டவன் வந்து நின்றபோது கதவைத் திறந்தது யார்? அவன் யார் என்று அவர்களிடம் சொன்னது யார்? இந்த ஊரில் நின்று கேட்பதற்கு இதைவிடப் பொருத்தமான கேள்வி எனக்குத் தோன்றவில்லை.

பாரி மகளிரிடமிருந்து தொடங்குகிறேன். 'அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவில்' என்ற ஐந்து அடிப் பாட்டு நம்மில் பலருக்கு மனப்பாடம். போன மாத நிலவில் தந்தையும் இருந்தார், குன்றும் எங்களுடையது. இந்த மாத நிலவில் குன்றும் இல்லை, தந்தையும் இல்லை. பள்ளிக்கூடத்தில் நாம் அத்தோடு நிறுத்திவிடுகிறோம். அதற்குப் பிறகு அந்தப் பெண்கள் எங்கே போனார்கள்? பாரியின் நண்பரான புலவர் கபிலர், அவர்களுக்கு மணம் முடித்து வைக்க அவர்களை அழைத்துக்கொண்டு அரசர்களின் வாசல் வாசலாக நடந்தார். விச்சிக்கோனிடம் போனார். இருங்கோவேளிடம் போனார். இருங்கோவேள் முன் நின்று பாடிய புறநானூற்றின் 201-ஆம் பாட்டு எப்படித் தொடங்குகிறது தெரியுமா? 'இவர் யார் என்குவை ஆயின்.' இவர்கள் யார் என்று கேட்பாயானால், சொல்கிறேன் கேள் என்கிறார். முந்நூறு ஊர்களையும் இரவலர்க்குக் கொடுத்தவன், முல்லைக்குத் தேர் ஈந்தவன். அவனுடைய பெண்களைத் தமிழ்நாட்டு மன்னன் ஒருவனுக்கு 'இவர் யார்' என்று அறிமுகம் செய்ய வேண்டியிருக்கிறது. நாடு போனவர்களின் நிலைமை அந்த ஒரு தொடரில் இருக்கிறது. நேற்றுவரை பெயரே போதுமானதாக இருந்தது. இன்று பெயருக்கு ஒரு சாட்சி தேவைப்படுகிறது. அத்தனை பெரிய புலவன் சாட்சி சொல்லியும் இருங்கோவேள் ஏற்கவில்லை. அடுத்த பாட்டு முழுவதும் கபிலரின் கோபம்.

கடைசியில் கபிலர் உயிர் விட்ட இடமாகச் சொல்லப்படுவது திருக்கோவலூர். பாரியின் மகளை மலையமானுக்குக் கொடுத்துவிட்டுப் பெண்ணையாற்றில் இருந்த கல்லில் அவர் தீப்புகுந்த செய்தியை அவ்வூர்க் கோயிலில் இராசராசன் காலத்துக் கல்வெட்டு சொல்கிறது. அந்தப் பெண்ணையாறு நம் கடலூர் அருகேதான் கடலில் சேர்கிறது. அதன் மேலுள்ள பாலத்தைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு இந்த நினைவு வரும்.

அரசர்கள் மறுத்தார்கள். திறந்தவர்கள் யார்? இராமனுக்குத் திறந்தவன் படகு வைத்திருந்த குகன். தேனும் மீனும் கொண்டுவந்து தயங்கி நின்றான். பின்னால் வீடணனைத் தம்பியாக ஏற்கும்போது இராமன் கணக்குச் சொல்கிறான்: குகனோடு ஐவர் ஆனோம், சுக்கிரீவனோடு அறுவர் ஆனோம், உன்னோடு எழுவர் ஆனோம். பிறகு கம்பன் வைக்கும் அடியைப் பாருங்கள்: 'புகலருங் கானம் தந்து புதல்வரால் பொலிந்தான் நுந்தை.' தசரதனை 'உன் தந்தை' என்கிறான். மூத்த மகனுக்குக் காட்டைக் கொடுத்ததால் அவருக்குப் பிள்ளைகள் பெருகினார்களாம். நாடு கொடுத்திருந்தால் நால்வரோடு நின்றிருக்கும். கம்பராமாயணத்தில் எனக்கு மிகவும் நெருக்கமான அடி இதுதான்.

இதே உறவு முறையை வரலாற்றிலும் பார்க்கிறோம். கி.பி. 622-இல் நபிகள் நாயகம் மக்காவை நீங்கி மதீனா சென்றார். உடன் வந்தவர்கள் முஹாஜிர்கள், புலம்பெயர்ந்தோர். ஏற்றுக்கொண்ட ஊர்க்காரர்கள் அன்சார்கள், உதவியோர். வந்தவர் ஒருவருக்கு உள்ளூர்க்காரர் ஒருவரைச் சகோதரராக நபிகள் இணைத்து வைத்தார். இஸ்லாமிய ஆண்டுக் கணக்கு அவர் பிறந்த நாளிலிருந்து தொடங்கவில்லை, மக்காவை வென்ற நாளிலிருந்தும் தொடங்கவில்லை. ஊர் விட்டு ஊர் போன அந்த ஆண்டிலிருந்து தொடங்குகிறது. பரங்கிப்பேட்டையிலோ இந்த ஊரிலோ அன்சாரி என்று ஒருவரை அழைக்கும்போது, கதவு திறந்தவர்களின் பெயரைத்தான் சொல்கிறோம்.

பாபிலோன் கதை வேறு மாதிரி. அங்கே கதவு திறந்தவனே சிறைபிடித்தவன். கி.மு. 597-இல் யூதர்களின் நாடான யூதாவின் இளம் அரசன் யோயாக்கீனைப் பாபிலோன் மன்னன் நேபுகாத்நேச்சார் பிடித்துப் போனான். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் எருசலேமும் ஆலயமும் எரிந்தன. 'பாபிலோன் ஆறுகள் அருகே நாங்கள் உட்கார்ந்து, அங்கே சீயோனை நினைத்து அழுதோம்' என்ற சங்கீதம் அந்தத் துயரத்தின் குரல். பாபிலோனைத் தோண்டியபோது கிடைத்த களிமண் ஏடுகளில் அந்த அரசனின் பெயர் இருக்கிறது. எதற்காக? அவனுக்கு அளந்து கொடுத்த எண்ணெய்க் கணக்கில். ஒரு அரசன் ரேஷன் பட்டியலில் ஒரு வரியாகிவிட்டான். தீர்க்கதரிசி எரேமியா அந்தச் சிறைப்பட்டோருக்கு எழுதிய கடிதம் என்னை எப்போதும் உலுக்கும். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குத் திருமணம் செய்யுங்கள், நீங்கள் இருக்கும் நகரத்தின் நன்மையைத் தேடுங்கள் என்றார். பெட்டியைக் கட்டியபடியே காத்திருந்தவர்களுக்கு அது எவ்வளவு கசந்திருக்கும்!

இனி நம் சிலம்புக்கு வருகிறேன். கோவலன் புகாரை விட்டுப் போனதும் அந்நகரம் இராமன் பிரிந்த அயோத்தி போலக் கலங்கியது என்கிறார் இளங்கோ. அவன் அரசன் இல்லை, வணிகன். ஆனாலும் நீங்கியவனுக்காக ஊர் அழுதது. மதுரையின் புறஞ்சேரியில் சமணத் துறவி கவுந்தியடிகள், கோவலன் கண்ணகி இருவரையும் வைத்துக்கொண்டு நிற்கிறார். இயக்கி என்ற தெய்வத்துக்குப் பால்சோறு படைத்துவிட்டுத் திரும்பும் ஆயர் முதுமகள் மாதரி எதிரே வருகிறாள். பசுவைக் காத்து அதன் பயனைக் கொடுத்து வாழும் ஆயர் வாழ்க்கையில் கொடுமை இல்லை என்று கவுந்தி எண்ணுகிறார். இவள் யார் என்று கண்ணகியைப் பற்றிச் சொல்லி ஒப்படைக்கிறார். கபிலர் சொன்ன அதே சாட்சிதான். வேளிர் குலத்து இருங்கோவேள் ஏற்காத அந்தச் சாட்சியை மோர் விற்கும் மாதரி ஏற்றுக்கொள்கிறாள். அந்தக் காதைக்கே அடைக்கலக் காதை என்று பெயர்.

மாதரி கொடுத்தவற்றை இளங்கோ ஒவ்வொன்றாகச் சொல்கிறார். புது வீடு, சாலி அரிசி, பலாக்காய், வெள்ளரி, மாதுளங்காய், மாங்கனி, வாழைப்பழம், பால், மோர். துணைக்குத் தன் மகள் ஐயையையும் கொடுத்தாள். காவியத்தில் இந்தப் பட்டியல் எதற்கு என்று ஒருவர் என்னிடம் கேட்டார். ஊரிழந்து வந்தவளுக்கு அன்று மாலை அடுப்பு எரிந்தது என்பதைச் சொல்ல வேறு எப்படி எழுதுவது?

மறுநாள் கோவலன் கொல்லப்பட்டான். கண்ணகி மதுரையை எரித்தாள். அத்தோடு நமக்குக் கதை முடிந்துவிடுகிறது. மாதரிக்கு முடியவில்லை. வஞ்சிக் காண்டத்தில் மாடலன் என்ற மறையவன் சொல்லித்தான் நமக்குத் தெரிகிறது. நள்ளிருளில் மன்றத்தில் எழுந்து நின்று அவள் கதறியிருக்கிறாள்: 'அடைக்கலம் இழந்தேன் இடைக்குல மாக்காள்! குடையும் கோலும் பிழைத்தவோ!' பிறகு தீயில் புகுந்தாள். கவுந்தியும் உண்ணா நோன்பிருந்து உயிர் விட்டார். சாட்சி சொன்னவரும் போனார், ஏற்றவளும் போனாள். பாண்டியன் தன் தவறுக்கு உயிர் கொடுத்ததை நாம் மேடைதோறும் பேசுகிறோம். எந்தத் தவறும் செய்யாத மாதரி, காப்பேன் என்ற சொல்லுக்காக உயிர் கொடுத்தாள். அவளுக்கு இந்த மேடையிலாவது இவ்வளவு நேரம் கொடுக்க விரும்பினேன்.

இந்த ஊரும் மாதரி வீடாக இருந்திருக்கிறது. 1910 ஏப்ரலில் அரவிந்தர் வந்தபோது கலவை சங்கர செட்டியார் தம் வீட்டு மாடியைக் கொடுத்தார். அதே ஆண்டு வ.வே.சு. ஐயர் வந்து சேர்ந்தார். தெருவில் ஆங்கிலேய ஒற்றர்கள் காவல் இருந்தார்கள். 1911-இல் அந்நியருக்கான சட்டம் வந்தது: இங்கே தங்க வேண்டுமானால் ஐந்து கௌரவ நீதிபதிகள் கையெழுத்திட வேண்டும். 'இவர் யார்' என்ற அதே கேள்வி, பிரெஞ்சுக் காகிதத்தில். இந்த ஊர்ப் பெரியவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். அந்த மையின் ஈரத்தில் நின்றுகொண்டுதான் பாரதி சூதில் நாடிழந்தவர்களின் கதையை எழுதினார். பாஞ்சாலி சபதத்தின் முதல் பாகம் 1912-இல் வெளிவந்தது. காவியம் சபதத்தோடு நின்றுவிடுகிறது. பாண்டவர் காட்டுக்குப் போவதை அவர் பாடவில்லை. அந்தப் பகுதியை அவர் இங்கே வாழ்ந்துகொண்டிருந்தார்.

இன்று இங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால், காலாப்பட்டைத் தாண்டிக் கீழ்ப்புத்துப்பட்டு வரும். ஈழத்திலிருந்து படகேறி வந்தவர்களின் முகாம் அங்கே இருக்கிறது. 2021-இல் அரசு பெயரை மாற்றி மறுவாழ்வு முகாம் என்றது, நல்ல பெயர். அங்கேயே பிறந்து, அங்கேயே திருமணம் செய்து, அங்கேயே பிள்ளை பெற்றவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டால் நம் மொழியிலேயே, நம்மைவிடத் திருத்தமாக, தாங்கள் யார் என்று சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை நான் போகிறேன். உடன் வர விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள்.