இலை விட்ட அத்திக் குச்சி ஏன் செத்துப்போகிறது?

(காட்சி: மொட்டைமாடி. வரிசையாகப் பன்னிரண்டு செடிப்பைகள். ஒவ்வொன்றிலும் ஒரு குச்சி, அதன் உச்சியில் இரண்டு பச்சை இலைகள்.)

இந்தப் படத்தில் நீங்கள் பார்க்கும் 12 சீமை அத்திக் குச்சிகளும் நட்ட பதினைந்தாம் நாளே துளிர்த்தவை. இந்தப் படத்தை எடுத்து உறவினர்களின் வாட்ஸ்ஆப் குழுவில் போட்டு, யாருக்கு எத்தனை கன்று வேண்டும் என்று கேட்டுப் பட்டியலும் எழுதிவிட்டேன். அடுத்த மூன்று வாரத்தில் 9 குச்சிகள் செத்துப்போயின. பூச்சி விழவில்லை, தண்ணீருக்கும் குறைவில்லை. செத்தவற்றைப் பிடுங்கிப் பார்த்தபோது, ஒன்பதில் ஒன்றில்கூட வேர் என்று சொல்ல ஒரு நூல் இல்லை.

வேரே இல்லாத குச்சி எதைத் தின்று இலை விட்டது என்பதுதான் இந்தக் காணொளியின் கேள்வி. விடை தெரிந்தால் மதுரை வெயிலிலும் உங்கள் மாடியில் சீமை அத்தியை வேர் பிடிக்க வைக்கலாம். தெரியாவிட்டால் என்னைப்போல் ஒரு பங்குனி மாதத்தை முழுதாக வீணடிப்பீர்கள்.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாம் உலர்பழமாக வாங்கித் தின்பது சீமை அத்தி. நம் ஓடைக்கரைகளில் அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகக் காய்த்து நிற்பது நாட்டு அத்தி. இரண்டும் ஆலுக்கும் அரசுக்கும் பங்காளிகள். எதை ஒடித்தாலும் பால் வடியும். நாட்டு அத்தியின் இலை பிளவில்லாமல் நீள்வட்டமாக இருக்கும். சீமை அத்தியின் இலை விரித்த கையைப்போல் பிளவுபட்டு, தடவினால் உப்புத்தாளைப்போல் சொரசொரக்கும். இந்த வேறுபாடு தெரியாமல், ஒரு நாற்றுப் பண்ணையில் சீமை அத்தி என்று எழுதித் தொங்கவிட்டிருந்த கன்றை நம்பி வாங்கி, எட்டு மாதம் நாட்டு அத்திக்குத் தண்ணீர் ஊற்றியவன் நான். பெருமரமாகிற அதைத் தொட்டியில் வைத்திருப்பது யானைக்குட்டியைக் குளியலறையில் கட்டிவைப்பதற்குச் சமம் என்பதால், இப்போது அது எங்கள் ஊர்க் கண்மாய்க்கரையில் நிற்கிறது.

அதற்குப் பிறகுதான் அழகர்கோவில் சாலையில் இருக்கும் நண்பர் ஒருவரின் தோட்டத்திலிருந்து பூனா வகைச் சீமை அத்தியின் குச்சிகளை வெட்டி வந்தேன். பென்சில் பருமன், ஒரு சாண் நீளம், குச்சிக்கு மூன்று அல்லது நான்கு கணு. இதில் தவறு ஒன்றும் இல்லை. நான் செய்த தவறு, அவற்றைப் பங்குனியில், சுட்டெரிக்கும் சிமெண்டுத் தளத்தின்மேல் வைத்ததுதான்.

இப்போது விடைக்கு வருவோம். வெட்டிய குச்சி வெறுங்கையோடு வருவதில்லை. தாய்மரத்தில் இருந்தபோது சேர்த்த மாவுச்சத்து அதன் தண்டுக்குள் இருக்கிறது. கணுவில் உறங்கும் மொட்டுக்குச் சூடு பட்டதும் அது விழித்துக்கொண்டு, அந்தச் சேமிப்பை எடுத்துச் செலவழித்து இலை விடுகிறது. இலை விரிந்துவிட்டால் நீரை ஆவியாக வெளியே விடத் தொடங்கும். அதை ஈடுகட்டக் கீழே வேர் இல்லை. வேர் உண்டாக்க வேண்டிய சேமிப்போ மேலே செலவாகிவிட்டது. சம்பளம் வருவதற்கு முன்பே கல்யாண மண்டபத்துக்கு முன்பணம் கட்டியவனின் நிலைதான் அந்தக் குச்சிக்கும். நாமோ இரண்டு இலைகளைப் பார்த்ததும் பிழைத்துவிட்டது என்று மகிழ்ந்து இன்னும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றுகிறோம். அது ஈரத்தில் அழுகி விரைவாகவே போய்ச் சேருகிறது.

நானும் மகிழ்ந்தேன்; பிறகு சந்தேகம் வந்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை குச்சியை மெல்ல இழுத்துப் பார்த்தேன். உசிலம்பட்டிப் பக்கம் மல்லிகை போட்டிருக்கும் என் பெரியப்பா வீட்டுக்கு வந்திருந்தபோது இதைப் பார்த்துவிட்டு, "ஏப்பா, தெனம் பிடுங்கிப் பிடுங்கிப் பாத்தா அது எப்புடிப்பா வேர் விடும்? மேல பாக்காத, கீழ பாரு, இல்ல, ரெண்டையும் பாக்காம செத்த சும்மா இரு" என்றார். சும்மா இருப்பது எனக்கு வராத வேலை என்பதால், கீழே பார்ப்பதற்கு வழி தேடினேன்.

(காட்சி: இரண்டு லிட்டர் குளிர்பானப் பாட்டில், நடுவில் வெட்டப்பட்டது, சுற்றிலும் செய்தித்தாள்.)

இதோ அந்த வழி. பாட்டிலை நடுவில் வெட்டி, அடிப்பகுதியில் நான்கைந்து துளை போட்டு, தேங்காய் நார்த்தூளும் மணலும் சரிபாதி கலந்து நிரப்பி, குச்சியை இரண்டு கணு உள்ளே போகும்படி ஊன்றி, மேற்பகுதியைத் தொப்பிபோல் கவிழ்த்துவிடுங்கள். வேருக்கு வெளிச்சம் ஆகாது என்பதால் வெளியே செய்தித்தாளைச் சுற்றிவையுங்கள். வேர் வந்ததா என்று பார்க்க ஆசை வந்தால் தாளை விலக்கிப் பார்த்துவிட்டு மூடிவிடலாம், குச்சியைத் தொட வேண்டியதில்லை. கலவையின் ஈரம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று பலர் பல அளவு சொல்கிறார்கள். பிட்டு மாவின் பதம் என்று நான் சொல்வேன்: பிடித்தால் பிடிபட வேண்டும், தட்டினால் உதிர வேண்டும், பிழிந்தால் ஒரு சொட்டும் வழியக் கூடாது. இறைவனே பிட்டுக்கு மண் சுமந்த ஊரில் இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது என்று நம்புகிறேன்.

பருவமும் முக்கியம். ஆடிப்பட்டம் விதைக்குச் சரி, குச்சிக்குச் சரியில்லை; அம்மியை நகர்த்தும் ஆடிக்காற்று ஊன்றிய குச்சியை உலர்த்திவிடும். ஐப்பசியில் மழை இறங்கி, காற்று ஈரமாகி, வெயில் தணிந்த பிறகு நட்டேன். நிழல்வலைக்குக் கீழே, தளத்தின் சூடு படாமல் ஒரு பழைய பலகையின்மேல் வைத்தேன். முதலில் வெட்டுவாயில் வெள்ளையாகத் தடித்த ஒரு பொருக்கு வந்தது. ஐந்தாவது வாரம் தாளை விலக்கியபோது, கணுவை ஒட்டி, சேமியாவைப்போல் வெள்ளை வெளேரென்று இரண்டு வேர்கள் பாட்டிலின் சுவரைத் தொட்டுக்கொண்டு நின்றன. அந்தக் குச்சியில் அன்றைக்கு இலை ஒன்றுகூட இல்லை. நிலைமை தலைகீழாக இருந்ததைக் கவனித்தீர்களா?

தலைகீழ் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. முதல் தவணையில் நான் இரண்டு குச்சிகளை உண்மையிலேயே தலைகீழாக நட்டிருந்தேன். மரத்துக்கு மேலும் கீழும் தெரியும். ஆக்சின் என்னும் வளர்ச்சி ஊக்கி மொட்டிலிருந்து தண்டின் அடியை நோக்கி இறங்கி, வெட்டுவாயில் சேர்ந்து வேரைத் தூண்டுகிறது. நாம் திருப்பி நட்டாலும் அது தன் பழைய அடியை நோக்கியே, அதாவது வானத்தை நோக்கியே போகும். இலை உதிர்ந்த தழும்புக்கு மேலேதான் மொட்டு இருக்கும் என்பதை வைத்துத் திசை கண்டுபிடியுங்கள். அதைவிட எளிது, வெட்டும்போதே அடியைச் சாய்வாகவும் நுனியை நேராகவும் வெட்டிவிடுவது. வேர்விடச் செய்யும் தூள் கடையில் கிடைக்கிறது; அத்திக்கு அது இல்லாமலே வேர் வருகிறது, காசை மிச்சப்படுத்துங்கள்.

இவ்வளவு பாடு எதற்கு, பழத்துக்குள் இருக்கும் விதையைப் போட்டால் முளைக்காதா என்று நீங்கள் கேட்கலாம். இந்தக் காணொளியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு உங்களை அழைத்துச்செல்லும் கேள்வி அது.

(காட்சி: குறுக்கே வெட்டிய அத்திக்காய், மிக அருகில்.)

எப்போதோ நடக்கும் அரிய நிகழ்ச்சியை "அத்தி பூத்தாற்போல" என்கிறோம். பூக்காமல் காய்க்கும் மரத்துக்குக் கோளி என்று தமிழில் தனிப்பெயரே உண்டு. ஆனால் இந்தக் காயை உற்றுப் பாருங்கள். உள்சுவர் முழுவதும் நெருக்கி நிற்கும் இந்தச் சிறு இழைகள் ஒவ்வொன்றும் ஒரு பூ. பாட்டியின் சுருக்குப்பையை நினைத்துக்கொள்ளுங்கள்: ஒரு பூங்கொத்தை உள்ளே போட்டு, வாயைச் சுருக்கிக் கட்டினால் எப்படியிருக்குமோ அதுதான் அத்திக்காய். நுனியில் தெரியும் சிறு துளைதான் சுருக்கின் வாய். அத்தி பூக்காத மரம் அன்று. ஒரு காய்க்குள் நூற்றுக்கணக்கில் பூத்துவிட்டு, ஒன்றையும் வெளியே காட்டாத மரம்.

அப்படியானால் மகரந்தச் சேர்க்கை எப்படி நடக்கும்? நாட்டு அத்தியில், எள்ளைப்போல் சிறிய பெண் குளவி ஒன்று அந்த வாய் வழியாக உடம்பை நெருக்கி, பெரும்பாலும் இறக்கைகளை இழந்து உள்ளே போகிறது. கொண்டுவந்த மகரந்தத்தைப் பூக்களில் சேர்த்து, சில பூக்களில் முட்டையிட்டு, அங்கேயே இறக்கிறது. அடுத்த தலைமுறையில் பிறக்கும் ஆண் குளவிகளுக்கு இறக்கையே இல்லை. பெண் குளவிகள் வெளியேறச் சுவரைக் குடைந்து வழி அமைத்துக் கொடுப்பதோடு அவற்றின் வாழ்க்கை முடிந்துவிடுகிறது. "அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் சொத்தை" என்ற பழமொழியைச் சொன்னவர் யாராயினும், அவர் பழத்தைப் பிட்டுப் பார்த்திருக்கிறார். "அத்தி பூத்தாற்போல" என்று சொன்னவர் பிட்டுப் பார்க்கவில்லை. என் வாக்கு பழமொழிக்காரருக்கே.

இதைக் கேட்டதும் சைவ நேயர்கள் கையில் இருக்கும் அத்திப்பழத்தைக் கீழே வைத்துவிட வேண்டாம். வீட்டில் வளர்க்கும் பூனா வகை குளவியின் உதவியே இல்லாமல், சேர்க்கையும் இல்லாமல் பழுக்கும். எல்லாச் சீமை அத்தியும் அப்படியல்ல. துருக்கியின் ஸ்மிர்னா வகைக் குச்சிகளை 1880களில் கலிபோர்னியாவுக்குக் கொண்டுசென்று நட்டார்கள். மரம் வளர்ந்தது, காய் விட்டது, அத்தனையும் பழுக்காமல் உதிர்ந்தது. குச்சி கப்பலில் வந்துவிட்டது, குளவி வரவில்லை என்பதுதான் காரணம். 1899ஆம் ஆண்டில் அங்கே குளவி நிலைபெற்ற பிறகுதான் அந்த மரங்கள் பழம் கொடுத்தன. பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் உதிர்ந்த காயையே பார்த்துக்கொண்டிருந்தவர்களை நினைக்கும்போது, என் ஒன்பது குச்சிகளுக்காக நான் அழுதது அதிகம்தான்.

சேர்க்கை நடக்காத பழத்தின் விதை வெற்று ஓடு, முளைக்காது. சேர்க்கை நடந்த வகையின் விதையை முளைக்க வைத்தாலும், ஏறக்குறையப் பாதிக் கன்றுகள் தின்னத்தக்க பழம் தராத ஆண்வகையாக இருக்கும். ஆகவே பூனா அத்தி உலகில் தொடர்ந்து இருக்க வேண்டுமென்றால் யாராவது ஒருவர் குச்சியை வெட்டி ஊன்றிக்கொண்டே இருக்க வேண்டும். எரிகோ நகருக்கு அருகே கில்கால் என்னும் தொல்லிடத்தில் கிடைத்த, ஏறத்தாழ 11,300 ஆண்டுகளுக்கு முந்தைய கருகிய அத்திப்பழங்கள் இப்படி விதையற்ற வகையைச் சேர்ந்தவை என்றும், மனிதர் தானியம் பயிரிடுவதற்கு முன்பே அத்திக் குச்சியை ஊன்றியிருக்கக்கூடும் என்றும் 2006ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் சிலர் எழுதினார்கள். காட்டு மரத்திலும் அப்படிப் பழம் வரலாம் என்று வேறு சிலர் மறுத்தார்கள். வழக்கு இன்னும் முடியவில்லை.

பெரியப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் அசரவில்லை. "மல்லிய மட்டும் யாரு வெதச்சா?" என்று கேட்டார். உண்மைதான். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி விதையிலிருந்து வருவதில்லை. இங்குள்ள தோட்டங்களுக்கு இராமேஸ்வரத்துப் பக்கம் தங்கச்சிமடத்திலிருந்து வரும் கன்றுகள் குச்சியில் வேர்விட வைத்தவை. முருங்கைப் போத்து, வேலிக்குக் கிளுவைப் போத்து என்று ஊன்றிப் பழகிய ஊர்க்காரர்களுக்கு அத்தி புதிதில்லை. அது போத்தைவிடக் கொஞ்சம் நோஞ்சான், அவ்வளவுதான்.

ஓர் எச்சரிக்கை மட்டும் சொல்ல வேண்டும். சித்திரை மாதத்து நண்பகலில், அரைக்கைச் சட்டையோடு பெரிய செடியைக் கவாத்து செய்தேன். பால் முழங்கை வரை வழிந்தது. துடைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். அன்று ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் நாள் பால் வழிந்த கோடுகளிலேயே எண்ணெய் தெறித்ததுபோல் கொப்புளங்கள் எழுந்தன. ஆறியபின் கறுத்த கோடுகள் பல வாரம் இருந்தன. அந்தப் பாலில் சோரலன் வகைப் பொருள்கள் இருக்கின்றன. வெயிலின் புற ஊதாக்கதிர் பட்டதும் அவை தோலைப் பொசுக்கும். ஆகவே கவாத்தை மாலையில், முழுக்கைச் சட்டையோடு செய்து, உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

உரம், மண், பெரிய தொட்டிக்கு மாற்றுவது எல்லாம் மற்ற மாடிச் செடிகளுக்குச் செய்வதுதான். மழைக்காலத்தில் இலையில் துரு நோய் வந்து கொட்டினால் பதற வேண்டாம், கொட்டிய இலையைப் பொறுக்கி எரித்துவிடுங்கள்.

பறித்து வைத்தால் அத்தி பழுக்காது என்பதைக் கடைசியாகக் கற்றேன். காம்பு தளர்ந்து, காய் தலை குனிந்து, தோலில் மெல்லிய கீறல் விழும் வரை மரத்திலேயே விட வேண்டும். என் முதல் காய் தலை குனிந்த அன்று மாலை, நாளைக் காலை பறிக்கலாம் என்று கைப்பேசியில் அலாரம் வைத்தேன். மைனாவுக்கு அலாரம் தேவைப்படவில்லை. இரண்டாவது காய்க்குப் பழைய கொசுவலைத் துண்டைக் கட்டினேன்; அந்தப் பழத்தை எங்கள் வீட்டில் ஐந்து பேர் பங்கு போட்டோம், ஆளுக்கு ஒரு தேக்கரண்டி வந்தது.

வாட்ஸ்ஆப் பட்டியலில் இருப்பவர்கள் இந்தக் காணொளியைப் பார்த்தால் ஒன்று சொல்லிக்கொள்கிறேன்: இப்போது பாட்டிலில் ஏழு குச்சிகள் இருக்கின்றன, நான்கில் வேர் தெரிகிறது, மற்ற மூன்றில் இலை மட்டுமே தெரிகிறது. அந்த மூன்றையும் இப்போதைக்கு யாருக்கும் எழுதி வைக்கவில்லை.