ஸ்டூர் ஆற்றோரம் ஒரு சுற்று

வணக்கம் நேயர்களே. லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் ரயில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் மேனிங்ட்ரீ. எசெக்ஸுக்கும் சஃபோக்குக்கும் எல்லையாக ஓடும் ஸ்டூர் ஆற்றின் பள்ளத்தாக்கை அங்கிருந்து ஒரு சுற்று நடந்து, இறங்கிய நிலையத்துக்கே திரும்பிவிடலாம். கார் தேவையில்லை.

நடப்பவர்களுக்கான 'எக்ஸ்புளோரர்' வரைபட வரிசையில் 196-ஆம் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். அதில் 4 சென்டிமீட்டர் என்றால் தரையில் 1 கிலோமீட்டர். பச்சைப் புள்ளிக்கோடு போகும் வழியில் நடக்க உங்களுக்கு உரிமை உண்டு. கறுப்புக் கோடாகக் காட்டிய பாதையில் அந்த உரிமை இல்லாமல் போகலாம், அதை மட்டும் நம்பி இறங்காதீர்கள்.

ஆற்றோரமாக 3 கிலோமீட்டர் போனால் ஃப்ளாட்ஃபோர்டு. ஓவியர் கான்ஸ்டபிளின் அப்பா நடத்திய மாவாலை அங்கே நிற்கிறது. அதன் முற்றத்திலிருந்து குளத்தைப் பாருங்கள். இடப்பக்கத்து வீடுதான் 1821-இல் அவர் வரைந்த 'ஹே வெய்ன்' ஓவியத்தில் இருப்பது. இன்னும் அப்படியே இருக்கிறது.

அடுத்து டெடம் ஊர்வரை மாடு மேயும் புல்வெளி, இரண்டரைக் கிலோமீட்டர். இங்கே கேட்டுகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் சரக்குப் படகுகளைக் கரையிலிருந்து குதிரைகள் இழுத்தன. மாடுகள் தாண்டிப் போகாமலிருக்க வழியின் குறுக்கே ஏறக்குறைய 3 அடி உயரத்தில் தடுப்பு போட்டிருந்தார்கள். குதிரையோ அதைத் தாண்டிக் குதிக்கப் பழகியிருந்தது. 1825-இல் கான்ஸ்டபிள் வரைந்த 'லீப்பிங் ஹார்ஸ்' அந்தக் குதிரைதான். இன்றைய கேட்டுக்கும் அதே வேலைதான், மாட்டை அதன் வயலில் நிறுத்துவது. மூடியிருந்த கேட்டை மூடிவிட்டுப் போங்கள். விவசாயி திறந்து வைத்திருந்தால் திறந்தே இருக்கட்டும். மாடு தண்ணீருக்குப் போகும் வழியாக இருக்கலாம். மறுபடியும் சொல்கிறேன், எப்படி இருந்ததோ அப்படியே விடுங்கள்.

பசுவுக்கும் கன்றுக்கும் நடுவே போகாதீர்கள், சுற்றிப் போங்கள். நாயைக் கயிற்றில் பிடித்திருங்கள். மாடு துரத்தினால் மட்டும் கயிற்றை விட்டுவிடுங்கள். நாய் ஓடித் தப்பிக்கும்.

தரை தட்டையானதால் மழைநீர் சீக்கிரம் வடியாது. குளிர்காலத்தில் நிலையத்துப் பாதையே மூழ்கலாம். நாலைந்து நாள் வெயில் அடித்த பிறகு போங்கள். அப்போதும் கணுக்காலை மூடும் பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள்.

நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். ஈஸ்ட் பெர்கோல்ட்டை விட முடியாது. டெடமிலிருந்து மேடேறினால் வரும் ஊர். அங்குள்ள தேவாலயத்தின் கோபுர வேலை பாதியில் நின்றுபோனதால், 1531-இல் மரக்கூண்டு கட்டி மணிகளைத் தரைமட்டத்திலேயே வைத்தார்கள். கயிறில்லாமல் கையாலேயே தள்ளி அடிக்கிறார்கள். பார்த்துவிட்டு இறக்கத்தில் நடந்தால் மறுபடி ஃப்ளாட்ஃபோர்டு, அங்கிருந்து வந்த வழியே நிலையம். வணக்கம்.