தொலைந்த கோட்டும் ரக்பி விசிலும்

நேயர்களுக்கு வணக்கம்.

ரெனே கிளேர் இயக்கி 1931இல் வெளிவந்த பிரெஞ்சு நகைச்சுவைப் படம் 'லே மில்லியோன்'. கழுத்துவரை கடனில் நிற்கும் ஓவியன் மிஷேலுக்கு டச்சு லாட்டரியில் பத்து லட்சம் விழுகிறது. சீட்டு இருப்பதோ பழைய கோட்டுப் பையில். அந்தக் கோட்டை அவன் காதலி பியாத்ரீஸ், போலீஸுக்குத் தப்பி ஓடிவந்த ஒரு கிழவனுக்குக் கொடுத்துவிட்டாள். கிழவனின் பழைய சாமான் கடையிலிருந்து அது ஓர் ஆப்பரா, அதாவது இசைநாடகப் பாடகர் கைக்குப் போகிறது. அவரோ அன்றிரவே அமெரிக்காவுக்குக் கிளம்புகிறவர்.

சீட்டு கிடைத்துவிடும் என்பது நமக்கு முதலிலேயே தெரியும். படம் தொடங்குவதே வெற்றிக் கொண்டாட்டத்தில்தான். அதனால் 'கிடைக்குமா' என்ற பதைப்பு போய், 'கோட்டு இப்போது யாரிடம்' என்ற வேடிக்கை மட்டும் மிஞ்சுகிறது.

மூலம் ஒரு மேடை நாடகம்; வசனம் நிறைந்தது. படங்கள் பேசத் தொடங்கிய புதிதில் அதுதான் ஆபத்து. கேமராவின் இரைச்சல் மைக்கில் பதியும் என்று அதைக் கூண்டில் அடைத்தார்கள். நடிகர்களும் மைக்கைவிட்டு விலக முடியாது. நாடகத்தை அப்படியே படம்பிடித்தால் எல்லாரும் நின்ற இடத்தில் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். கிளேர் வசனத்தை வெட்டினார். கடன்காரர்களையும் அக்கம்பக்கத்தாரையும் கூட்டமாகப் பாடவைத்தார்.

ஆப்பரா அரங்கில் கோட்டுக்காக நடக்கும் இழுபறியைக் காதால் கவனியுங்கள். கோட்டு கைக்குக் கை தாவுகிறது. கேட்பதோ, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ரக்பி ஆட்டத்தின் ஆரவாரமும் நடுவரின் விசிலும். துணி கிழிவதும் மூச்சிரைப்பதும் கேட்டிருந்தால் அது வெறும் கைகலப்பு. விசில் விழுந்ததும் அது ஆட்டமாகிவிடுகிறது. எந்தக் கட்சி முந்துகிறது என்று கண் தானாகவே தேடும்.

இன்னொரு காட்சி இதைவிட நுட்பம். பிணங்கிய காதலர்கள் இருவரும் திரை எழும்போது மேடைத் தட்டிக்குப் பின்னால் மாட்டிக்கொள்கிறார்கள். வாய் திறந்தால் அரங்கத்துக்குக் கேட்டுவிடும். முன்னால், ஒருவரையொருவர் கண்டாலே பிடிக்காத பருத்த பாடகரும் பாடகியும் உருகி உருகிக் காதல் பாடுகிறார்கள். அந்தப் பொய்ப் பாட்டுக்கு இங்கே ஒளிந்திருப்பவர்கள் உண்மையாகச் சமாதானமாகிறார்கள். பேசாமலிருக்கக் கதையே காரணம் கொடுத்துவிட்டது. வசனத்தை ஒதுக்க இதைவிடச் சாமர்த்தியமான வழி எனக்குத் தெரியவில்லை.

போலீஸ் நிலையப் பகுதி கொஞ்சம் இழுக்கும், பொறுத்துக்கொள்ளலாம்.

பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று. லாசார் மீர்சன் அமைத்த அரங்குகளில், நடிகர்களுக்கும் பின்னணிக்கும் இடையே மெல்லிய வலைத்துணி கட்டியிருந்தார்கள். முகங்கள் துலக்கமாகவும் சுவர்கள் மங்கலாகவும் தெரிவது அதனால்தான். தேய்ந்த பிரதியில் இரண்டும் சேர்ந்தே மங்கி, ஒளிப்பதிவுக் கோளாறு போலத் தெரியும். ஆகவே புதுப்பிக்கப்பட்ட பிரதியையே தேடுங்கள்; பாட்டுகளுக்கும் சப்டைட்டில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், கதையில் பாதி அவற்றில்தான் நகர்கிறது.