லைட்டை எந்த நாள் அணைக்கிறது? செவ்வந்திக் குடிலில் ஒரு ராத்திரி

வணக்கம் மக்களே. மணி இப்போ ராத்திரி 9:50. தேன்கனிக்கோட்டைப் பக்கம் எங்க பாலிஹவுஸ் உள்ள, அதான் பிளாஸ்டிக் ஷீட் போட்ட செவ்வந்திக் குடில் உள்ள நிக்கிறேன். என் மூஞ்சி உங்களுக்குச் சரியா தெரியாது. கொஞ்சம் பொறுங்க, இன்னும் பத்து நிமிஷத்துல பளிச்சுன்னு தெரியும். அதுவரைக்கும் குரலை மட்டும் கேளுங்க.

போன வீடியோவுல நிறைய பேரு ஒரே கேள்விதான் கேட்டிருந்தீங்க. "அக்கா, ராத்திரி பெங்களூரு ரோட்டுல வரும்போது வயலுக்கு நடுவுல கல்யாண வீடு மாதிரி லைட் எரியுதே, அது எதுக்கு?" எங்க அத்தைகிட்ட கேட்டா "பூவுக்குத் தூக்கம் வரக்கூடாதுன்னு"ன்னு சொல்லுவாங்க. சிரிக்காதீங்க, விஷயம் கிட்டத்தட்ட அதேதான்.

அவரைக்கொடி போட்டவங்களுக்கு நான் சொல்றது டக்குனு புரியும். எங்க வீட்டுப் பந்தல்ல பாதி தெருவிளக்கு வெளிச்சத்துல இருக்கு. இருட்டுல இருக்கிற பாதி கார்த்திகையில பூ எடுத்துச்சு. வெளிச்சம் விழுற பாதி தை வரைக்கும் இலையாவே படர்ந்து நின்னுச்சு. ஒரே விதை, ஒரே குழி, ஒரே எரு. பழைய சம்பா நெல் ரகங்கள்லயும் இப்படித்தான்: முன்னாடி விதைச்சா பயிர் வயசுதான் கூடும், கதிர் வர்ற காலம் பெருசா மாறாது. இதெல்லாம் ராத்திரி நீளத்தை அளந்து, ராத்திரி நீண்டா பூக்கிற செடிங்க. செவ்வந்தியும் அந்தச் சாதிதான்.

இதை முதல்ல சரியாப் பிடிச்சது அமெரிக்காவுல கார்னர், அல்லார்டுன்னு ரெண்டு விஞ்ஞானிங்க. 1920ல எழுதினாங்க. அவங்ககிட்ட 'மேரிலாண்ட் மேமத்'னு ஒரு புகையிலை ரகம் இருந்துச்சு. கோடையில வயல்ல பூக்கவே மாட்டேங்குது, ஆள் உயரம் தாண்டி வளர்ந்துட்டே போகுது. எருவை மாத்திப் பார்த்தாங்க, தண்ணியை மாத்திப் பார்த்தாங்க, ஒண்ணும் நடக்கல. கடைசியில தினமும் சாயங்காலம் செடியைத் தூக்கி இருட்டுக் கொட்டகையில வெச்சாங்க, பூத்துடுச்சு. அப்புறம் 1930-கள்ல ரஷ்யாவுல சைலக்யான்னு ஒருத்தர், அவர் சோதனை செஞ்சது நம்ம செவ்வந்தியிலயேதான். ராத்திரியை அளக்கிறது இலை, அங்கிருந்து ஏதோ ஒரு சேதி நுனிக்குப் போய் மொட்டு வைக்க வைக்குதுன்னு காட்டினாரு. அந்தச் சேதிக்கு 'ஃபுளோரிஜென்'னு பேரு வெச்சாரு. 2013ல ஜப்பான்காரங்க இன்னொண்ணு கண்டுபிடிச்சாங்க, அதுவும் செவ்வந்தி இனத்துலதான்: "இப்போ பூக்காதே"ன்னு சொல்ற எதிர்ச்சேதியும் இலையிலிருந்தே போகுது. ராத்திரி நடுவுல லைட் போட்டா அந்த எதிர்ச்சேதி உருவாகுது. நம்ம பல்பு செய்யுற வேலை அதுதான்.

ஆ... கேட்டுச்சா? 'டக்'னு ஒரு சத்தம். டைமர். மணி 10. இந்தா, இப்போ தெரியுறேனா?

கேமராவைக் கொஞ்சம் கீழ காட்டுறேன். இந்த வலை தெரியுதா, ஒவ்வொரு கட்டமும் அஞ்சு அங்குலம், கட்டத்துக்கு ஒரு செடி. அக்டோபர் 28 நட்டது, இன்னைக்கு நவம்பர் 18, சரியா 21 நாள். உயரம் ஒரு சாண். நுனியைப் பிரிச்சுக் காட்டுறேன். பச்சையா, கூரா, சின்ன இலை ஒண்ணு ஒண்ணை மூடிட்டு இருக்கு. இது வளர்ச்சி நுனி, மொட்டு இல்ல. தண்டு நீளுற வரைக்கும் இப்படியே இருக்கணும்னுதான் இவ்வளவு பல்பும். அப்புறம் லைட்டை நிறுத்தினா மொட்டு வைக்கும்.

ஏன் 10 மணியில இருந்து 2 மணி வரைக்கும்? நம்ம ஊர் ராத்திரி சுமாரா 6ல இருந்து 6. நடுவுல நாலு மணி நேரம் வெளிச்சம் போட்டா, முன்னாடி நாலு, பின்னாடி நாலுன்னு ரெண்டு குட்டி ராத்திரியா உடைஞ்சு போகும். செடி நீளமான ஒரே இருட்டைத்தான் கணக்கு வைக்கும், துண்டு துண்டா கூட்டிப் பார்க்காது. "சாயங்காலமே 6ல இருந்து 10 வரைக்கும் எரிச்சா ஆகாதா?"ன்னு பக்கத்துத் தோட்டத்து அண்ணன் கேட்டாரு. அதுவும் பலன் தரும், ஆனா நடு ராத்திரி வெளிச்சத்துக்கு அடி பலம். அதே நாலு மணி நேரக் கரண்டை எதுக்கு வீணாக்கணும்?

வெளிச்சமும் ஒண்ணும் பெருசா வேண்டாம். இது செடிக்குச் சோறு போடுற வெளிச்சம் இல்லீங்க, சும்மா தட்டி எழுப்புற வெளிச்சம். செடி நுனியில 100 லக்ஸ் வந்தா போதும், லக்ஸ்னா வெளிச்சத்தை அளக்கிற கணக்கு. போன்லயே லக்ஸ் பார்க்கிற ஆப் இருக்கு, துல்லியமா காட்டாது, ஆனா ஒரு குத்துமதிப்புக்கு ஆகும். பல்புக்கு நேர் கீழ பார்க்காதீங்க, அங்க எப்பவும் அழகாத்தான் காட்டும். ரெண்டு பல்புக்கு நடுவுல, வரிசை ஓரத்துல வெச்சுப் பாருங்க. எங்க 1000 சதுர மீட்டருக்குப் பத்தடிக்கு ஒண்ணுன்னு 110 பல்பு, எல்லாம் 9 வாட் எல்இடி. ராத்திரிக்கு 4 யூனிட். முன்னாடி 100 வாட் குண்டு பல்பு போட்டிருந்தோம், அப்போ 44 யூனிட். மஞ்சள் வெளிச்ச எல்இடியா வாங்குங்க. செடி இந்த விஷயத்துல சிவப்பு வெளிச்சத்துக்குத்தான் முழிக்கும், நீலம் தூக்கலா இருக்கிற வெள்ளை பல்புல அது கம்மி.

சரி, போன வருஷக் கதைக்கு வரேன். சொல்லவே வயிறு எரியுது.

அப்பவும் தை முகூர்த்தத்துக்குத்தான் நட்டேன். மழைக்காலம். நட்டு பத்து நாள் இருக்கும், காத்துல கம்பம் சாஞ்சு கரண்ட் போச்சு. ஒரு ராத்திரி, ரெண்டு ராத்திரி... ஆறு ராத்திரி. எனக்கு அப்போ பூச்சி பயம்தான், வேர் அழுகிடுமோங்கிற பயம்தான். பல்பு எரியலையேன்னு கவலைப்படல. கரண்ட் வந்துச்சு, லைட் எரிஞ்சுச்சு, செடியும் பார்க்க நல்லாதான் இருந்துச்சு. மூணு வாரம் கழிச்சுப் பார்த்தா மேல் இலை மாறியிருக்கு. செவ்வந்தி இலைக்கு ஓரத்துல வெட்டு வெட்டா இருக்கும்ல, அது இல்லாம நாக்கு மாதிரி குறுகி நீளமா ஒரு இலை, அதுக்கு மேல மிளகு அளவுக்கு ஒரு மொட்டு. 'கிரவுன் பட்'னு சொல்றது. அந்த ஆறு ராத்திரியில செடி பூக்க முடிவு பண்ணிடுச்சு, அப்புறம் லைட் வந்ததும் பாதியில நின்னுடுச்சு. பூவாவும் விரியல, வளரவும் இல்ல. அடியில பக்கக் கிளைங்க கிளம்பிடுச்சு. ஆளை விட்டு ஒவ்வொரு செடியிலயும் மொட்டைக் கிள்ளி, ஒரு கிளையை விட்டு மீதியை உடைச்சு, அப்படி இப்படின்னு ஒப்பேத்தினோம். தண்டெல்லாம் கோணல். பூ வாங்க வந்த கல்யாண டெக்கரேஷன்காரர் பூக்கட்டைத் தூக்கிப் பார்த்துட்டு, எதுவும் பேசாம கீழ வெச்சாரு. திட்டியிருந்தாக்கூட பரவால்ல.

அதனால இந்த வருஷம் வீட்டு இன்வெர்ட்டர் ஒண்ணைக் கொண்டுவந்து வெச்சிருக்கேன். 110 பல்பையும் நாலு மணி நேரம் அது தாங்காது. ஆனா தொடர்ந்து எரிய விட வேண்டிய அவசியமும் இல்ல. அரை மணிக்கு 6 நிமிஷம் எரிஞ்சு அணைஞ்சா போதும், செடி ஏமாந்துடும். ரெண்டு லைனா பிரிச்சு, ஒண்ணு எரியும்போது இன்னொண்ணு அணைஞ்சிருக்கிற மாதிரி டைமர் வெச்சாச்சு. கரண்ட் இருக்கிற நாள்ல நான் முழுசாவே எரிக்கிறேன், அது என் மன நிம்மதிக்கு.

இப்போ முக்கியமான கேள்வி. எத்தனை நாள் எரிக்கணும்? யாரைக் கேட்டாலும் "நாலு வாரம்"னு ஒரு பதில் வரும். நான் கணக்கைப் பின்னாடியிலிருந்து போடுறேன். எனக்கு ஜனவரி 20 வாக்குல பூ வேணும். என் ரகம் 8 வார ரகம், அதாவது லைட்டை நிறுத்தின நாள்ல இருந்து 8 வாரத்துல வெட்டுக்கு வரும். 56 நாள் பின்னாடி போனா நவம்பர் 25. அதுக்கு 28 நாள் முன்னாடி அக்டோபர் 28, நடவு. ரகத்துக்கு ரகம் 7, 9, 10 வாரம்னு மாறும், நாத்து வாங்குற இடத்துலயே கேட்டுக்கோங்க. பத்து நாள் முன்னாடி வந்தா மார்கழி. மார்கழியில யாரு மண்டபம் புக் பண்றா?

ஆனா தேதி ஒரு பக்கம், செடி ஒரு பக்கம். லைட்டை அணைச்ச பிறகும் தண்டு நல்லாவே நீளும், இருந்தாலும் அணைக்கும்போது 30, 35 சென்டிமீட்டராவது இருக்கணும். இல்லன்னா வெட்டும்போது குச்சி குட்டையா நிக்கும். கோடையில மூணு வாரத்துலயே அந்த உயரம் வந்துடும், இந்தக் குளிர்ல அஞ்சு வாரம்கூட ஆகும். இப்போ ஒரு சாண்தான் இருக்கு, எனக்குக் கொஞ்சம் உதறல்தான். 25ஆம் தேதி ஸ்கேல் வெச்சு அளப்பேன். குட்டையா இருந்தா நாலு நாள் தள்ளிப் போடுவேன். நாலு நாள் தாமதமா வந்தாலும் தைதான், முகூர்த்தம் இருக்கு. குட்டைத் தண்டுக்கு எந்த மாசமும் விலை இல்ல.

உரத்துக்கு எவ்வளவு மெனக்கெடுறோம், இந்த ஒரு தேதியை மட்டும் பக்கத்து வீட்டுக்காரர் அணைச்சாருன்னு நாமளும் அணைக்கிறோம். எனக்கு இது பிடிக்கிறதில்ல.

கோடையில வேற தலைவலி. நம்ம ஓசூர்ப் பக்கம் டிசம்பர்ல பகல் சுமார் 11 மணி 20 நிமிஷம், ஜூன்ல சுமார் 12 மணி 50 நிமிஷம், அது போக விடியலும் அந்தியும். அந்த நீளம் செவ்வந்திக்கு ரெண்டுங்கெட்டான். ஒரு செடி மொட்டு வைக்கும், பக்கத்துச் செடி யோசிக்கும். அதனால அப்போ லைட்டை நிறுத்தினா மட்டும் போதாது, சாயங்காலம் 5 மணிக்குக் கருப்பு ஷீட் இழுத்து மூடி, காலையில 7 மணிக்குத் திறக்கணும். மொட்டுல நிறம் தெரியுற வரைக்கும். ஒரு தடவை ஷீட்டுல உள்ளங்கை அளவு கிழிசல், வெளிய பக்கத்து ஷெட் லைட். அந்த ஓட்டைக்கு நேரா ஒரு வட்டம் மட்டும் பச்சையாவே நின்னுச்சு, சுத்தி எல்லாம் பூ. அந்த வட்டத்தை போட்டோ எடுத்து வெச்சிருக்கேன், கடைசியில போடுறேன். இன்னொண்ணு, ஷீட்டுக்குள்ள சூடு தங்கினா பூ தள்ளிப் போகும். நல்லா இருட்டின பிறகு ஓரத்தைக் கொஞ்சம் தூக்கி விட்டு, விடியறதுக்குள்ள மறுபடி இறக்கிடுவோம். தூக்கம் நமக்குத்தான் போச்சு.

நாத்து எடுக்கிற தாய்ச்செடியை மறந்துடாதீங்க. அதுக்கு வருஷம் பூரா லைட். தாய்ச்செடி மொட்டு வைக்க ஆரம்பிச்சுட்டா, அதுல கிள்ளுன நாத்து நட்டதும் பூ பூன்னுதான் நிக்கும்.

ஒரு நிமிஷம்... அந்தக் கடைசி வரிசை, மூணாவது பல்பு எரியல பாருங்க. அதுக்குக் கீழ ஒரு அம்பது செடியாவது இருக்கும். ஏணி வெளிய இருக்கு. போனை இங்கயே வெச்சுட்டுப் போறேன், பல்பு மாட்டினதும் லக்ஸ் எவ்வளவுன்னு வந்து காட்டுறேன்.