எந்த பைக்கற் மேல போனது?

வணக்கம். மூண்டு நிமிசம்தான் தந்திருக்கினம், அதால நேரா தக்காளி விதைக்கு வாறன்.

கனடாவில ரொமாட்டோஸ்பியர் எண்டு ஒரு புரோகிராம் இருக்கு, 2001ல துவங்கினது. செவ்வாய்க்கு ஆள் போறதெண்டா போய்ச் சேரவே ஆறேழு மாசம், அவ்வளவு சாப்பாட்டையும் கட்டிக்கொண்டு போகேலுமே, அப்ப விண்வெளிக்குப் போன விதை ஒழுங்கா முளைக்குமோ எண்டு பாக்கவேணும். அதைப் பள்ளிக்கூடப் பிள்ளையளே பாக்கினம். கிளாசுக்கு ரண்டு பைக்கற் வரும், ஒண்டு சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போய் வந்த விதை, மற்றது பூமியை விட்டு அசையாதது, ஆனா எது எதெண்டு போட்டிராது, வெறும் எழுத்துத்தான். ரண்டையும் ஒரே மாதிரி ஊண்டி, ஒரே அளவு தண்ணி விட்டு, எத்தினை முளைச்சதெண்டு எண்ணி அனுப்பினாப் பிறகுதான் பதில் சொல்லுவினம்.

ரீச்சருக்கும் பதில் தெரியாது பாருங்கோ, அதுதான் எனக்குப் பிடிச்சது. நான் ஊரில படிக்கேக்க லாப் அலுமாரி பூட்டியே கிடந்தது, பரிசோதனை முடிவை கொப்பியில பாத்து எழுதித்தான் சோதினை பாஸ் பண்ணினது.

இதை நடத்துற லெற்ஸ் டோக் சயன்ஸ் எண்ட அமைப்பு 1993ல ஒன்ராறியோ மாகாணத்து லண்டனில பொனி ஷ்மிட் எண்டவ துவங்கினது. அவையின்ர வொலண்டியர்மார் கனபேர் யூனிவர்சிட்டிப் பிள்ளையள்தான், காசு வாங்காம கிளாசுக்கு வந்து செய்து காட்டுவினம்.

நான் உதவிக்குப் போன ஒரு கிளாசில ஒரு பெடியன், கிரேட் 3 இருக்கும், "மிஸ், விண்வெளி விதை குறையத்தானே முளைக்கும்?" எண்டு என்ர முகத்தையே பாத்துக்கொண்டு நிண்டான். தெரியாதெண்டன், அவன் நம்பேல்ல. அடுத்த கிழமை போனா அவன்ர கப்பில மண்ணெல்லாம் கிளறிக் கிடக்கு, முளைச்சிட்டுதோ எண்டு விரலை விட்டுத் தோண்டியிருக்கிறான், நூல் மாதிரி வெள்ளை வேர் அறுந்து போச்சு. இதை என்னெண்டு எழுதுறது? முளைச்சதுதானே எண்டு ஒரு கூட்டம், செத்ததை எண்ணேலாது எண்டு மற்றக் கூட்டம், ஒரே சண்டை, ரீச்சரும் நானும் வாயே திறக்கேல்ல. கடைசியில அவையளே எழுதிச்சினம்: "முளைச்சது, நாங்கள் தோண்டினதால செத்தது."

பதில் வந்த அண்டைக்கு ரண்டு பைக்கற்றுக்கும் பெரிய வித்தியாசம் ஒண்டுமில்லை. அவனுக்கு முகம் தொங்கிப் போச்சு.

"அப்ப ஆர் மிஸ் வெண்டது?"