கையுறைக்காகத் திரும்பி வந்த கேப்டன்

[காட்சி: மரமேசை, இறகுப் பேனா, மடித்து அரக்கு வைத்த கடிதம்]

வணக்கம். ரீஜென்சி காலத்துக் காதல் நாவல் என்றதும் பலருக்கு நடன விருந்தும் குதிரை வண்டியும் நினைவுக்கு வரும். எனக்குக் கடிதம்தான் நினைவுக்கு வரும். அந்தக் காலத்தில் ஒரு கடிதத்துக்கு இருந்த கனம் தெரிந்த பிறகு, இந்த நாவல்கள் மீது எனக்கிருந்த பிரியம் பித்தாகவே மாறிவிட்டது.

முதலில் காலத்தைச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜ் நோயால் ஆள முடியாமல் போகவே, 1811 பிப்ரவரியில் அவருடைய மூத்த மகன் அரசப் பிரதிநிதியாகப் பொறுப்பேற்றார். 1820இல் மன்னர் இறக்கும்வரையிலான அந்த ஒன்பது ஆண்டுகள்தான் ரீஜென்சி. ஜேன் ஆஸ்டினின் ஆறு நாவல்களும் 1811க்கும் 1817க்கும் இடையில் அச்சேறியவை.

[காட்சி: குறுக்கும் நெடுக்குமாக எழுதிய பழைய தாள்]

இந்தத் தாளைப் பாருங்கள். பாய் முடைந்ததுபோல் இருக்கிறதல்லவா? அன்று தபால் கட்டணத்தைப் பெரும்பாலும் கடிதம் பெறுபவரே கொடுத்தார். தூரம் கூடக்கூடக் கட்டணமும் கூடும். இரண்டு தாள் என்றால் இரட்டிப்பு. உறை போட்டால் அதுவும் ஒரு தாளாகக் கணக்காகிவிடும். அதனால் எழுதிய தாளையே மடித்து ஒட்டினார்கள். இடம் போதாதபோது தாளைப் பக்கவாட்டில் திருப்பி, எழுதிய வரிகளின் மேலேயே குறுக்காக எழுதினார்கள்.

காசைவிடப் பெரிய தடை ஒன்றும் இருந்தது. உறவினரல்லாத, மணமாகாத ஆணும் பெண்ணும் நிச்சயமாகாமல் கடிதம் எழுதிக்கொள்வது முறையாகாது. ஆஸ்டினின் ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’யில் தங்கை மேரியன், தான் காதலிக்கும் வில்லபிக்குக் கடிதம் எழுதுகிறாள். அதைக் கண்டதுமே, இருவருக்கும் நிச்சயமாகிவிட்டது என்று அக்கா எலினார் முடிவுகட்டிவிடுகிறாள்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு ஆஸ்டினின் ‘பெர்சுவேஷன்’ நாவலின் கடைசிப் பகுதிக்கு வாருங்கள்.

[காட்சி: பாத் நகரத் தெரு, விடுதியின் சன்னல்]

எட்டரை ஆண்டுகளுக்கு முன்பு, ஆன் எலியட்டுக்கு 19 வயது. கையில் காசில்லாத கடற்படைக்காரன் வேண்டாம் என்று பெரியவர்கள் சொன்னதைக் கேட்டு, வென்ட்வொர்த்தோடு ஆன நிச்சயத்தை அவள் முறித்துவிட்டாள். இப்போது அவர் கேப்டன். 25,000 பவுண்டு சொத்து சேர்த்திருக்கிறார். விடுதி அறையில் நண்பருக்காக ஏதோ கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார். சன்னலோரத்தில் ஆன் அந்த நண்பரோடு பேசுகிறாள்: நம்பிக்கை அற்றுப்போன பிறகும் அன்பு யாரிடம் நீடிக்கும், ஆணிடமா பெண்ணிடமா? அந்த நேரத்தில் ஒரு சின்னச் சத்தம். வென்ட்வொர்த்தின் பேனா கீழே விழுந்துவிட்டது. எத்தனையோ முறை படித்தும், இந்த இடத்தில் எனக்கு மூச்சு நின்றுதான் வருகிறது.

கொஞ்ச நேரத்தில் அவர் நண்பரோடு வெளியேறுகிறார். உடனே கையுறையை மறந்துவிட்டதாகச் சொல்லித் திரும்பி வந்து, மேசையில் சிதறிக் கிடந்த தாள்களுக்கு அடியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து ஆனின் முன் வைத்துவிட்டுப் போய்விடுகிறார். மேலே ‘மிஸ் ஏ. ஈ.’ என்று மட்டும், படிக்கவே கடினமான கிறுக்கலாக. எழுதக்கூடாத ஒருத்திக்கு, ஆட்கள் இருக்கும் அறையிலேயே எழுதிய கடிதம் அது. வாய்திறந்து சொல்ல வழியில்லாத இடத்தில் எட்டரை ஆண்டுத் தவிப்பையும் அந்த ஒரு கடிதம் சொல்லிவிடுகிறது.

ஆஸ்டின் முதலில் இப்படி எழுதவில்லை. 1816 ஜூலையில் அவர் எழுதி முடித்த முடிவில், இருவரும் ஒரு வீட்டில் நேருக்கு நேர் பேசித் தீர்த்துக்கொள்கிறார்கள். அது அவருக்கு நிறைவு தரவில்லை. சில வாரங்களுக்குள் அதை ஒதுக்கிவிட்டு இந்தக் காட்சியை எழுதினார். 1817 ஜூலையில் இறந்தார். நாவல் அந்த டிசம்பரில்தான் வெளிவந்தது.

[காட்சி: அடித்தல் திருத்தலோடு ஒரு கையெழுத்துப் பக்கம்]

அச்சேறிய ஆறு நாவல்களில் அவருடைய கையெழுத்தில் இன்று எஞ்சியிருப்பவை, அந்த ஒதுக்கிய பக்கங்கள் மட்டுமே. பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. கேப்டனின் கடிதம் அவற்றில் இல்லை.