முகமே இல்லாத ரெண்டு பேர், பின்னாடி ஒரு நீல மலை

வணக்கம் மக்களே. ஸ்க்ரீன்ல தெரியற படத்த ஒரு பத்து செகண்ட் சும்மா பாருங்க, நானும் பேசல.

[படம் மட்டும்]

பச்சைப் புல்வெளி, சரிவுல ரெண்டு பேர் சாஞ்சு கெடக்காங்க, பின்னாடி நீல மலை. இப்ப மூஞ்சிய பாருங்க... கண்ணு, மூக்கு, வாய் எதுவுமே இல்ல, வெறும் கலர். முதல் தடவ பாத்தப்போ பாதில விட்டுட்டாங்கபோலன்னு தான் நெனச்சேன்.

வரஞ்சவங்க கேப்ரியேலே மூன்ட்டர், ஜெர்மனி, 1909. படத்தோட பேரு 'யாவ்லென்ஸ்கியும் வெரெஃப்கினும்'. ரெண்டு பேருமே ரஷ்ய ஓவியர்கள், மூன்ட்டரோட கூட்டாளிங்க. அதாவது அந்த மூஞ்சிங்க அவங்களுக்கு அத்துப்படி, தெரிஞ்சே தான் விட்டுருக்காங்க.

1908ல இவங்க மூணு பேரும், இன்னொரு ரஷ்ய ஓவியர் கண்டின்ஸ்கியும் ம்யூனிக்குக்குத் தெற்க, ஆல்ப்ஸ் பக்கத்துல மூர்னாவ்னு ஒரு சின்ன ஊருக்குப் போயி ஒண்ணா வரையறாங்க. அதுக்கு முன்னாடி மூன்ட்டர் கத்தியால பெயிண்ட்ட திட்டுத்திட்டா அப்பி, கண்ணு பாக்கற வெளிச்சத்த அப்படியே புடிக்கற இம்ப்ரெஷனிஸ்ட் வழியில போயிட்டிருந்தாங்க. இங்க வந்ததும் இயற்கைய காப்பி அடிக்கறத விட்டுட்டு அதோட சாற மட்டும் எடுக்க ஆரம்பிச்சேன்னு அவங்களே டைரில எழுதிருக்காங்க. சாறுன்னா சக்கைய விட்டாகணும்ல, அதான் மூஞ்சி போச்சு.

அந்த ஊர்ல கண்ணாடிக்குப் பின்பக்கம் சாமி படம் வரையற பழக்கம் உண்டு. முதல்ல கறுப்பு கோடு, அப்புறம் உள்ள தட்டையா கலர். மூன்ட்டர் அதையும் கத்துக்கிட்டாங்க, இந்தப் படத்துல அது நல்லாவே தெரியுது.

[மலைக் கோடு, க்ளோசப்]

எனக்கு ரொம்பப் புடிச்ச எடம் இது தான். மலைய சுத்திப் போற அதே மாதிரி கறுப்பு கோடு தான் அந்த ரெண்டு ஒடம்பையும் சுத்திப் போகுது, அதனால அவங்களும் அந்த நெலத்துல ரெண்டு மேடு மாதிரி ஆயிடறாங்க. கண்ணு வரஞ்சிருந்தா நம்ம பார்வை அங்கயே ஒட்டிக்கும், மலை வெறும் பேக்ரவுண்ட் ஆயிருக்கும்.

இவ்ளோ பெரிய வேலை நடக்கறது சுமார் 33க்கு 45 சென்டிமீட்டர் அட்டைல, கேன்வாஸ்கூட கிடையாது!

நாஜி காலத்துல இந்த மாதிரி ஓவியத்தையெல்லாம் சீரழிஞ்ச கலைன்னு பறிமுதல் பண்ணாங்க. மூன்ட்டர் கண்டின்ஸ்கி படங்களையும் தன்னோடதையும் மூர்னாவ் வீட்டு நெலவறைல ஒளிச்சு வெச்சு, 1957ல, 80 வயசுல, ம்யூனிக் லென்பாக்ஹவுஸ் மியூசியத்துக்கு கொடுத்துட்டாங்க. இந்தப் படமும் இப்ப அங்க தான்.

இன்னொரு தடவ பாக்கலாமா? இந்த வாட்டி மூஞ்சிய தேடாதீங்க, மலைக் கோட்ட புடிச்சு மெதுவா கீழ எறங்கி வாங்க.

[படம் மட்டும்]